ஆப்பிரிக்க நாடுகள் இந்தியா, சீனா போல வளர்ந்து வருமா? அங்கே வேலைக்குப் போனால் எதிர்காலம் உண்டா?

இரண்டாவது வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். கையில் ஆஃபர் லெட்டர் இருக்கும். வீட்டில் "ஆப்பிரிக்காவுக்கா? ஏன், துபாய் கிடைக்கலையா?" என்று ஆரம்பித்திருப்பார்கள். 2013ல் எங்கள் வீட்டிலும் அதேதான் நடந்தது. பெரியப்பா ஒருவர், ஏதோ போருக்கு அனுப்புவது போலத் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, பி.காம். பண்ருட்டிக்குப் பக்கத்துக் கிராமம். தான்சானியாவின் தெற்கு ஓரத்தில் முத்வாரா என்ற துறைமுக ஊரில், முந்திரிக்கொட்டை வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனிக்குத் தரம் பார்க்கும் வேலை. ஐந்தரை சீசன் இருந்தேன். அந்த அரை சீசன் கதை பின்னால் வருகிறது. 54 நாடுகள் உள்ள கண்டத்தில் ஒரு நாட்டின் ஒரு மூலையைத்தான் பார்த்திருக்கிறேன். "நைஜீரியா அப்படி இல்லையே, ருவாண்டா இப்படி இல்லையே" என்று கிளம்புகிறவர்களுக்கு: சரி, இல்லைதான். ஆனால் ஒரு நாட்டில்கூட ஒரு மாதம் இருக்காமல் மொத்தக் கண்டத்துக்கும் ஜாதகம் கணிக்கிறவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

என் வேலைக்கு அவுட்டர்ன் பார்ப்பது என்று பெயர். அடுக்கி வைத்த மூட்டைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொட்டை எடுத்து, கலந்து, ஒரு கிலோ நிறுத்து, எண்ணி, ஒவ்வொன்றாக இரண்டாக வெட்ட வேண்டும். நல்லது, சொத்தை, சூம்பியது என்று பிரித்து மறுபடி எடை. 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பதுதான் கணக்கு. முத்வாராக் கொட்டை சாதாரணமாகவே 50 பவுண்டைத் தாண்டும். அதோடு அங்கே அறுவடை அக்டோபரில் தொடங்கும். நம் ஊர்க் கொட்டை தீர்ந்து ஆலைகள் சும்மா கிடக்கும் நேரம். அதனால் எப்போதும் கிராக்கி.

இந்த வேலையை நான் எங்கே உட்கார்ந்து செய்தேன் தெரியுமா? ஒரு பழைய முந்திரி ஆலையில்! 1970களில் தான்சானிய அரசு உலக வங்கிக் கடனில் தெற்குப் பக்கம் வரிசையாக ஆலைகள் கட்டியது. இத்தாலியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இயந்திரம் வந்தது. ஆனால் அதே சமயத்தில் விவசாயிகளைக் கூட்டுக் கிராமங்களுக்குக் குடிபெயர்த்தார்கள். வீடு ஓரிடம், தோப்பு பத்து மைல் தள்ளி. அப்புறம் மரங்களில் சாம்பல் நோய். 1973-74ல் 1,45,000 டன் விளைந்த நாட்டில் 80களின் நடுவில் இருபதாயிரம் டன்கூடத் தேறவில்லை. ஆலை இருக்கிறது, உடைக்கக் கொட்டை இல்லை. பிற்பாடு கந்தகத் தூள் அடித்து மரங்கள் தேறி, 2017-18ல் மூன்று லட்சம் டன்னைத் தாண்டியது. இப்போது கொட்டை இருக்கிறது, ஆலை துருப்பிடித்துவிட்டது. அந்தத் துருவுக்கு அடியில் மேஜை போட்டு, உடைக்காத கொட்டையைக் கப்பலுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே ஒரு காவலாளிப் பெரியவர் இருந்தார். சின்ன வயதில் அதே ஆலையில் மூட்டை தூக்கியவராம். தினமும் "ஷிகமூ, ம்ஸே" என்பேன், "மராஹபா" என்பார். அங்கே பெரியவர்களுக்கு இப்படித்தான் வணக்கம் சொல்ல வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளாமல் போனால் எந்த வேலையும் நடக்காது, குறித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் நான் வெட்டிப் போட்ட பருப்பை எடுத்து வாயில் போட்டபடியே கேட்டார்: "இதை உங்கள் ஊரில் யார் உடைக்கிறார்கள்?" என் அம்மா உடைக்கிறாள் என்றேன். நம்பவில்லை. பிறகு கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பதையும், அப்படியும் ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் கறுத்துத் தோல் உரிவதையும் சொன்னேன். கூலி எவ்வளவு என்றார். ஷில்லிங்கில் மாற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்படியானால் பணம் உங்கள் வீட்டுக்கும் வரவில்லை. எங்கேதான் போகிறது?" என்றார். ஆலைக்காரர், பாக்கெட் போடுகிறவர், கடைக்காரர் என்று கையைச் சுற்றி ஏதோ வட்டம் போட்டுக் காட்டினேன்.

அங்கேயே உடைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். மூன்று நான்கு மாத சீசனில் ஒரு வருடத்துக்கான கொட்டையை ரொக்கம் கொடுத்து வாங்கிப் போட வேண்டும். நான் இருந்தபோது அங்கே வங்கி வட்டி 15 சதவீதத்துக்கு மேல். நம் ஆட்கள் குறைந்த வட்டிக்குக் கடன் எடுத்து வந்து கூடுதல் விலை கேட்டால் உள்ளூர் ஆலைக்காரரால் போட்டி போட முடியாது. பக்கத்து மொசாம்பிக்கில் 1990களில் உலக வங்கி சொன்னதைக் கேட்டு உடைக்காத கொட்டைக்கான ஏற்றுமதி வரியைக் குறைத்தார்கள். ஆலைகள் மூடி ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்தக் கொட்டையும் நமக்குத்தான் வந்தது. கம்பெனிக்காரனே இப்படிப் பேசலாமா என்று கேட்பீர்கள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு கட்டினேன், மறைக்கவில்லை. ஆனாலும் பார்த்ததைச் சொல்ல வேண்டுமே.

அதற்காக வளர்ச்சி என்பதே பொய் என்று சொல்லமாட்டேன். நான் இருந்த வருடங்களில் தான்சானியா கணக்குப்படி ஆண்டுக்கு 6, 7 சதவீதம் வளர்ந்தது. 2020ல் உலக வங்கி அதைக் கீழ் நடுத்தர வருமான நாடுகள் பட்டியலில் சேர்த்தது. கண்ணாலும் பார்த்தேன். 2017ல் கொட்டை விலை கிலோ 4,000 ஷில்லிங்கைத் தொட்டபோது கூரைத் தகரமும் மோட்டார் சைக்கிளும் கடையில் நிற்கவில்லை. மண் சுவருக்குப் பதில் செங்கல் வந்தது. நான் போன புதிதிலேயே காய்கறி விற்கும் அம்மாள்கூட போனில் பணம் வாங்கினார். நம் ஊரில் யுபிஐ என்ற பெயரே தெரியாத காலம் அது. பெட்டிக்கடையில் அடையாள அட்டையைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் கணக்கு. ஊரில் என் வங்கிக் கிளையிலோ, வெளிநாட்டு முகவரிச் சான்று கொடு, அதில் தூதரக முத்திரை வாங்கி வா என்று எட்டு மாதம் அலையவிட்டார்கள். முத்வாராவில் தெருப்பெயரே இல்லை சார், தபால் பெட்டி எண்தான் என்று எத்தனை முறை சொல்வது? மேலாளர் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "அது என்ன ஊரு, அட்ரஸ்கூட இல்லாம?" என்றார். அவர் கிளையில் அன்று சர்வர் வேலை செய்யவில்லை என்பது தனிக்கதை. விடுங்கள்.

இனி அந்த அரை சீசன். 2018 அக்டோபரில் உலகச் சந்தையே இறங்கியிருந்தது. ஏலத்தில் கிலோ 3,000 ஷில்லிங்குக்குக் கீழேதான் கேட்டார்கள். முந்தைய வருடம் 4,000 பார்த்த விவசாயி கொடுப்பாரா? மறுத்துவிட்டார்கள். நவம்பரில் அதிபர் மகுஃபுலி இறங்கினார். மொத்த விளைச்சலையும் அரசே 3,300க்கு வாங்கும், ராணுவம் வந்து எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்தார். சொன்ன மாதிரியே ராணுவ லாரிகள் வந்தன. என் மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு மூட்டை அடுக்கினார்கள். அன்று பெரியவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அப்புறம் பலருக்குப் பணம் வர மாதக்கணக்கில் ஆனது. சட்டத்தை மீறி முன்பணத்துக்குக் கொட்டை வாங்கும் சில்லறை வியாபாரிகளைக் கங்கோம்பா என்பார்கள். பூவிட்டதுமே விலை பேசி முன்பணம் கொடுக்கும் நம் ஊர் ஆட்கள் மாதிரிதான். அவர்களைப் பிடிக்க, நிறையக் கொட்டை கொண்டுவந்தவரிடமெல்லாம் தோப்பைக் காட்டு என்றார்கள். என் கம்பெனி, பெயர் வேண்டாம், இரண்டு மாதச் சம்பள பாக்கியோடு என்னை விமானம் ஏற்றிவிட்டது. அந்தப் பாக்கி இன்றுவரை வரவில்லை.

அதிபர் செய்தது சரியா தப்பா என்று சண்டைக்கு வராதீர்கள். விவசாயிக்கு நல்ல விலை வேண்டும் என்று நினைத்தது தப்பே இல்லை. வாங்கிய கொட்டையை உடைக்க ஆலை இல்லாததுதான் சிக்கல். கடைசியில் அதுவும் உடைக்காமல் வெளிநாட்டுக்கே போக வேண்டியிருந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தியா, சீனா போல வருமா என்றால், நாட்டுக்கு நாடு பதில் மாறும். மக்களில் பாதிப் பேர் இருபது வயதுக்கும் கீழே. அவ்வளவு பேருக்கும் வேலை வேண்டும். கொட்டையாக அனுப்பாமல் பருப்பாக அனுப்பும் ஊர்களில் அந்த வேலை வரும் என்பது என் கணிப்பு. ஐவரி கோஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளூரிலேயே உடைக்க ஆரம்பித்துவிட்டது. பெனின் 2024ல் உடைக்காத கொட்டை ஏற்றுமதிக்கே தடை போட்டது. இதெல்லாம் நடந்தால் எங்கள் ஊர் ஆலைகளுக்குக் கொட்டை கிடைக்காது, அம்மா மாதிரி ஆட்களுக்கு வேலை குறையும். அதை நினைத்தால் யார் பக்கம் பேசுவது என்றே தெரியவில்லை.

நீங்கள் போவதானால் போங்கள். சம்பளத்தில் ஒரு பகுதியாவது டாலரில் தருவதாக எழுத்தில் வாங்குங்கள். திரும்பும் டிக்கெட் யார் செலவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். காய்ச்சல் வந்தால் அலைச்சல் என்று பாராசிட்டமால் போட்டுப் படுக்காமல் மலேரியாவா என்று அன்றைக்கே ரத்தம் பாருங்கள். நான் மூன்று நாள் படுத்துக் கிடந்தேன், நான்காம் நாள் அந்தப் பெரியவர்தான் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.