பழைய கூடாரம் மழைக்கு ஒழுகுகிறது. சரிசெய்யலாமா, புதிதாக வாங்குவதே மேலா?

சரிசெய்யலாம். 'அந்த நேரத்துக்குப் புதிதே வாங்கிவிடலாமே' என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. துணி நன்றாக இருக்கும்போது அதைக் குப்பையில் போட மனம் வராதவர்களுக்காக எழுதுகிறேன்.

உங்கள் கூடாரம் பள்ளி விடுமுறைக்கு ஒருமுறை வெளியே வந்து, மற்ற நாளெல்லாம் ஸ்டோரில் பைக்குள்ளேயே சுருண்டு கிடந்திருக்கும் என்று எண்ணுகிறேன். அப்படியானால் அதைக் கெடுத்தது மழையல்ல, நம் மலேசிய நாட்டுப் புழுக்கம். மேல்விரிப்பின் உட்புறத்தில் உள்ள பாலியூரித்தேன் என்னும் நெகிழிப் பூச்சுதான் நீரைத் தடுக்கிறது. அது பாலியூரித்தேனில் எஸ்டர் என்னும் வகையாக இருந்தால், காற்றிலுள்ள ஈரமே அதன் பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடும், வெப்பம் அதை விரைவுபடுத்தும். எவ்வளவு உயர நீரைத் துணி கசியாமல் தாங்கும் என்று சீட்டில் போட்டிருக்கும் 1,500 மில்லிமீட்டர், 3,000 மில்லிமீட்டர் கணக்கெல்லாம் புதுத் துணிக்குத்தான்.

பீடோரில் எங்கள் தமிழ்ப்பள்ளிச் சாரணர் கூடாரங்களுக்கும் இதுதான் நேர்ந்தது. லாத்தா கிஞ்சாங் அருவிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுமுன் திடலில் விரித்தபோது புளித்த வாடை அடித்தது. உட்புறம் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது, மடிப்புகளிலோ பூச்சு பொடுகாக உதிர்ந்தது. பெற்றோர் ஒருவர் தம் செலவில் நீர்விலக்கு ஸ்பிரே வாங்கி வந்து வெளிப்புறம் முழுவதும் அடித்தார். "பாருங்கள் சார், தண்ணீர் முத்து முத்தாக உருளுகிறது" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் குழாயை விடுங்கள், தம்பி" என்றேன். சற்று நேரத்தில் தையலோரம் கசிந்து, கீழே வைத்திருந்த செய்தித்தாளில் சொட்டத் தொடங்கியது. ஸ்பிரே வீண் என்று நான் சொல்லவில்லை. வெளித்துணி நனைந்து கனக்காமல் அது காக்கும், ஆனால் உள்பூச்சின் வேலையை அது செய்யாது.

ஆகவே முதல் வேலை, செத்த பூச்சை எடுப்பது. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் கொண்டு ஸ்பாஞ்சால் தேய்த்து, போகாத இடங்களில் மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்தோம். அதைக் காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு அப்பால் செய்ய வேண்டும். கழன்று தொங்கிய தையல் நாடாக்களையும் உரித்துவிட்டு, நிழலில் நன்றாகக் காயவைத்து, கூடாரத்துக்கென விற்கும் பாலியூரித்தேன் பூச்சை உட்புறம் மெல்லியதாகத் தடவினோம். தையல்களுக்குத் தனிப் பசை உண்டு. முழுவதும் காய்ந்தபின் டால்கம் பவுடர் தூவி மடித்தால் ஒட்டிக்கொள்ளாது.

சிலிகான் பூசிய துணியாக இருந்தால் இந்தப் பூச்சு பிடிக்காது, உரிந்து வந்துவிடும். அதற்குச் சிலிகானேதான் வேண்டும். ஒரு மூலையில் சிறிது தடவிக் காயவிட்டுப் பார்த்தபின் முழுவதும் தொடங்குங்கள். வெயிலில் நைந்து, இழுத்தால் கிழியும் துணிக்கு எதைப் பூசினாலும் காசுக்குக் கேடு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். விடியற்காலையில் மட்டும் உள்ளே ஈரம் என்றால் அது ஒழுகலாக இராது, மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்ததாக இருக்கலாம். சன்னலைத் திறந்து வைத்தாலே குறையும்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது, புதுக் கூடாரம் வாங்க நன்கொடை திரட்டலாம் என்று ஒருவர் விடாமல் வாதாடினார். காசோலை கொடுப்பதைப் படம் எடுத்துச் செய்தித்தாளுக்கு அனுப்பலாம். கூடாரத்தைத் தேய்த்துக் கழுவுவதை யார் படம் எடுப்பார்கள்?

தரைப்பகுதிக்கு நாங்கள் பூச்சுப் பூசவில்லை, அடியில் தார்ப்பாய் விரித்தோம். அதன் ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி நேராக அடியில் சேர்த்துவிடும். நான்கு பக்கமும் உள்ளடங்கி இருக்கும்படி மடித்துவிடுங்கள்.