நிலத்தடிச் சூடு வீட்டுக்கு வரும் வழி: கேள்வி பதில்

நிலாவெளியிலிருந்து ஒரு தாயார்: பாரிஸ் புறநகரில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடி நிலத்தடி வெந்நீரால் சூடாக்கப்படுகிறதாம். அந்த நீரே வீட்டு ரேடியேட்டருக்குள் ஓடுகிறதா, ஐயா?

பதில்: இல்லை, அம்மா. அங்கே 1,500 முதல் 2,000 மீட்டர் ஆழத்திலுள்ள சுண்ணாம்புப் பாறை அடுக்கிலிருந்து ஏறத்தாழ 60 முதல் 80 பாகை செல்சியஸ் சூட்டில் நீர் எடுக்கிறார்கள். உப்பு மிகுந்து இரும்பை அரிக்கும் அந்த நீரை வீட்டுக் குழாய்களுக்குள் விட முடியாது. ஆகவே டைட்டேனியத் தகடுகள் அடுக்கிய வெப்பமாற்றியில், தகட்டின் ஒரு பக்கம் கிணற்று நீரும் மறுபக்கம் தெருவடிக் குழாய்களில் சுற்றிவரும் நல்ல நீரும் ஓட, சூடு மட்டுமே கைமாறுகிறது. ஆறிய உப்புநீரை இரண்டாவது கிணற்றின் வழியாக அதே பாறைக்குள் திருப்பி இறக்குவார்கள். 1969 இல் பாரிஸுக்கு அருகே மெலன் நகரில் தொடங்கிய முறை இது. பொறியியலாளரின் திறமை தெரிவது இவ்விடத்தில்தான்: மேலே அருகருகே இருக்கும் இரு கிணறுகளையும் சாய்வாகத் துளைத்து, அடியில் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு விலக்கிவிடாவிட்டால், குளிர்ந்த நீர் விரைவிலேயே முதற் கிணற்றை எட்டிவிடும்.

உவர்மலை வாசகர்: நெடுந்தூரம் போனால் நீர் ஆறிவிடாதா?

பதில்: காப்புறையிட்ட பெருங்குழாயில் ஆறுவது சொற்பம். ஐஸ்லாந்தில் நெஸ்யாவெட்லிர் நிலையத்திலிருந்து தலைநகர் ரெய்க்யவிக் பகுதிக்கு 27 கிலோமீட்டர் வரும் வெந்நீர் ஏறத்தாழ இரண்டு பாகையையே இழக்கிறது.

அன்புவழிபுரம் வாசகர்: திருகோணமலைக்கு அருகேயுள்ள கன்னியா ஊற்றின் வெந்நீரை வைத்தியசாலைக்கோ பொது மண்டபத்துக்கோ கொண்டுவரலாமா?

பதில்: எரிமலை இல்லாத நம் இலங்கையில், மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்புவதே வெந்நீரூற்று. கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் சூடு சிறிது வேறுபட்டாலும் 40 பாகையை ஒட்டியே நிற்கிறது. வைத்தியசாலையின் வெந்நீர்த் தாங்கியில் 60 பாகையாவது வேண்டும்; 40 பாகையை ஒட்டிய சூடு, நுரையீரல் காய்ச்சலைத் தரும் லெஜியோனெல்லா கிருமி பெருகுவதற்கே தோதானது. வெந்நீரால் இயங்கும் குளிரூட்டிகளுக்கும் பொதுவாக 80 பாகை அளவு தேவை. நீராடலுக்கும் அந்தியேட்டிக் கிரியைக்கும் அந்த ஊற்றை விட்டுவிட்டு, வைத்தியசாலைக் கூரையில் சூரிய வெந்நீர்க் கலன் பொருத்துவதே அறிவுடைமை என்பேன்.

பாலையூற்று ஆசிரியர்: குளிர்நாடுகளில் கோடையில் நிலத்தடிக் குழாய்களால் கட்டடத்தைக் குளிர்விக்கிறார்களே, எங்கள் பாடசாலை மண்டபத்துக்கு அது உதவாதா?

பதில்: சில மீட்டர் ஆழத்து மண் அந்தந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். சுவீடனில் அது 10 பாகைக்கும் குறைவு. திருகோணமலையிலோ 28 பாகையை ஒட்டியது; அந்த மண்ணால் மண்டபத்தைக் குளிர்விக்க முடியாது. அந்தப் பணத்தில் கூரைக்கு அடித்தட்டும் எதிரெதிர் ஜன்னல்களும் போடுங்கள்.