சிங்கப்பூரின் புக்கித் தீமா ரயில் நிலையத்தில் கடைசி ஆண்டுகளில் பயணிகளே ஏறவில்லை. அப்படியென்றால் அது எதற்கு இருந்தது?

வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடத்தான். சிங்கப்பூருக்குள் ஓடியது ஒற்றைப் பாதை. வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து வரும் வண்டியும் தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து போகும் வண்டியும் எங்காவது விலகியாக வேண்டுமே? புக்கித் தீமாவில் இன்னொரு தண்டவாளம் பிரிந்துபோய் மறுபடி சேரும். முதலில் வந்த வண்டி அங்கே ஒதுங்கி நிற்கும்.

1903-இல் போட்ட பாதை டேங்க் ரோடு வரை போனது. ஊருக்குள் சாலைகளைக் குறுக்கே கடந்ததால் ஒவ்வொரு வண்டிக்கும் கேட் மூட வேண்டியிருந்தது. அதனால் 1932-இல் பாதையைத் தஞ்சோங் பகார் பக்கம் திருப்பினார்கள். இப்போது புக்கித் தீமாவில் நீங்கள் பார்க்கும் செங்கல் கட்டடமும் இரும்புப் பாலமும் அப்போது வந்தவை. அடுத்த வருடம் பக்கத்திலேயே குதிரைப் பந்தயத் திடல் திறந்ததும் பந்தயக் குதிரைகளும் இங்கே வந்து இறங்கின.

2011 ஜூனில், மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அப்பாவோடு போனேன். ஸ்டேஷன் ஊழியர் கையில் கழுத்து மாலை அளவுக்குப் பெரிய வளையம், அதன் அடியில் ஒரு தோல் பை. பைக்குள் இருப்பதுதான் டோக்கன், சாவி மாதிரி ஒரு உலோகத் துண்டு. அடுத்த நிலையம் வரையுள்ள பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு டோக்கன்தான் வெளியே வரும். இரண்டு நிலையங்களிலும் உள்ள டோக்கன் பெட்டிகள் மின்சாரத்தால் இணைந்திருப்பதால் இரண்டாவதை எடுக்கவே முடியாது. டோக்கன் இல்லாமல் எந்த வண்டியும் அந்தப் பாதையில் நுழையக் கூடாது. எதிரெதிரே மோதாமல் காத்தது அந்தச் சின்னத் துண்டுதான். வண்டி மெதுவாக வந்தது. எஞ்சினில் இருந்தவர் கையை நீட்டினார், அது வளையத்துக்குள் நுழைந்தது, வளையம் தோள்வரை ஏறியது, அவ்வளவுதான். அப்பா என் கையை இறுகப் பிடித்திருந்தார்.

ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி வண்டியை மலேசியாவின் ஜொகூர் மாநில சுல்தான் ஓட்டிப்போனார். அப்புறம் தண்டவாளத்தில் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டார்கள். இந்த நிலையத்தைப் பாதுகாத்தது எனக்குப் பெரிய ஆறுதல். 2022 ஜூலையில் காட்சிக்கூடமாகத் திறந்தார்கள், ஸ்டேஷன் மாஸ்டர் குடியிருப்பு காப்பிக்கடை ஆகிவிட்டது.

நம்மவர்களின் உழைப்பும் இந்தப் பாதையில் உண்டு. குவீன்ஸ்டவுன் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், ரயில்வேயில் வேலைபார்த்த தமிழர்கள் தண்டவாளத்து ஓரம் வைத்துக் கும்பிட்ட சின்னச் சன்னதியிலிருந்து வளர்ந்ததுதான்.

நேரில் பார்க்க கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்குங்கள், நடக்கிற தூரம். காலையில் போனால் வெயில் இருக்காது.