பேய்க்கு எல்லாம் தெரியுமா?

கேள்வி: அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் நடக்கும் கோஸி மிஸ்டரி (ரத்தமும் வன்முறையும் அதிகம் காட்டாத இதமான துப்பறியும் கதை) நாவல் எழுதியிருக்கிறேன். இறந்தவர்களைப் பார்க்கக்கூடிய ஒரு பெண்தான் துப்பறிகிறாள். “செத்தவரே கொலைகாரனைக் காட்டிக்கொடுத்துவிட்டால் அப்புறம் மர்மம் ஏது?” என்கிறார்கள் அதைப் படித்துப் பார்த்தவர்கள். பேயை எடுத்துவிடட்டுமா? (வாசகி, திருச்சி)

பதில்: பேய் இருக்கட்டும். பேய்க்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பைத்தான் எடுக்க வேண்டும். செத்துப்போனதால் யாருக்கும் புது அறிவு வந்துவிடாது. உயிர் போகும்வரை கண்டதும் கேட்டதும் நம்பியதும்தான் அவர் கைவசம் இருக்கும். பின்மண்டையில் அடிபட்டுச் செத்தவருக்கு அடித்தது யாரென்று தெரியாது. காலையில் யாரோ மாற்றி வைத்த மாத்திரையை இரவில் விழுங்கியவர், “எனக்கு மாரடைப்பு” என்றே சாதிப்பார். எதுவும் தெரியாத பேயைவிடத் தப்பாக நம்பும் பேய் கதைக்கு அதிகம் உதவும். மகனைக் காப்பாற்றப் பொய் சொல்லும் பேய் அதைவிட உதவும்.

துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதிய ரோனால்ட் நாக்ஸ், 1929இலேயே அமானுஷ்யத்துக்கு இடமில்லை என்று இரண்டாவது விதியாக வைத்தார். காரணம் நியாயமானது. எதுவும் நடக்கலாம் என்றால் வாசகர் எதையும் ஊகிக்க முடியாது. ஆகவே முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களுக்குள் உங்கள் பேயின் எல்லையைச் சொல்லிவிடுங்கள். எவ்வளவு தூரம் போகும்? பொருளைத் தொடுமா? முக்கியமாக, சுவர் தாண்டிப் போய் ஒட்டுக்கேட்குமா? கேட்கும் என்றால் நாயகிக்கு வேலையே இல்லை. செத்த இடத்தைவிட்டு நகராது என்று கட்டிப்போடுவது நல்லது. கடைசியில் திடீரென்று பூட்டைத் திறக்கும் பேயை எந்த வாசகரும் மன்னிக்க மாட்டார்.

பேயின் வாக்கு சாட்சியமாகாது. மேற்கு வர்ஜீனியாவின் கிரீன்பிரையர் வழக்கைப் பாருங்கள். 1897 ஜனவரியில் ஸோனா ஷூ இறந்தார். மகளின் ஆவி நான்கு இரவு வந்து, கணவன் கழுத்தை முறித்ததாகச் சொன்னது என்றார் தாய். சடலம் தோண்டியெடுக்கப்பட்டது, கழுத்து முறிந்திருந்தது. கணவனுக்கு ஆயுள் தண்டனை. ஆனால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஆவிப் பேச்சையே எடுக்கவில்லை. அதைக் கிளறியது எதிர்த்தரப்பு. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் காலர். மனைவியின் சடலத்துக்குக் கழுத்தை மறைக்கும் உயரக் காலர் உடுப்பைக் கணவனே போட்டுவிட்டு, மருத்துவரைக் கழுத்துப் பக்கம் சரியாகப் பார்க்கவிடவில்லை. ஆவி வருமுன்பே துப்பு எல்லார் கண்முன்னும் கிடந்திருக்கிறது. பேயின் வேலை அங்கே பார்க்கச் சொல்வதுதான்.

அடுத்து, “உனக்கு எப்படித் தெரியும்?” என்ற போலீஸ் கேள்வி. கொலைகாரனுக்கு மட்டுமே தெரிந்ததை நாயகி சொன்னால் சந்தேகம் அவள்மேல் விழ வேண்டும். விழாவிட்டால் போலீஸ்காரர் பொம்மையாகிவிடுவார். பேச்சுக் காட்சிகளிலும் இதே சிக்கல் வரும். காபி மேசை, எதிரே டிடெக்டிவ், பக்கத்தில் செத்துப்போன நூலகர். “அந்தச் சாவி என்னுடையதில்லை” என்கிறார் நூலகர். நாயகி “அப்போ யாருடையது?” என்று காற்றைப் பார்த்துக் கேட்டால் காட்சி கெட்டது. டிடெக்டிவிடம் திரும்பி, “அந்தச் சாவியை நூலக வாசல் பூட்டில் போட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்கட்டும். இருவருக்கும் அதுவே பதில். உயிரோடிருப்பவர்கள் சரிபார்க்க ஒரு வழியும் திறந்துவிடும்.

பிரதி முடிந்ததும் ஒரு நகல் எடுத்து, பேய் பேசும் வரிகளை எல்லாம் சிவப்பு மையால் அடியுங்கள். மிச்சத்தை மட்டும் படித்துக் கொலைகாரனைப் பிடிக்க முடிகிறதா? முடியவில்லையென்றால் ஒரு துப்பு குறைகிறது. அதைக் கடைசி அத்தியாயத்தில் ஒட்டாதீர்கள். முன்பகுதியில், எல்லாரும் வேறு விஷயம் பேசிக்கொண்டிருக்கும் ஒரு காட்சியில், அரை வரியாக வையுங்கள்.