மகனுக்கு இலக்கு யார் வைப்பது? – கேள்வி பதில்

கொழும்பில் ஆண்கள் பாடசாலையொன்றில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

வெள்ளவத்தைத் தாய்: தரம் 10இல் படிக்கும் மகனிடம் என்னவாக வரப்போகிறாய் என்று கேட்டால், பேசாமல் எழுந்து போய்விடுகிறான்.

பதில்: அம்மா, அந்தக் கேள்விக்குப் பதினைந்து வயதில் நேர்மையாகப் பதில் சொல்வது கடினம். அதை விட்டுவிட்டுக் கடைசித் தவணைப் பரீட்சையின் விடைத்தாளை விரித்து, புள்ளிகள் எங்கே போயின என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். என்னிடம் படித்த ஒருவன் தனக்குக் கணிதம் வராது என்றே நம்பியிருந்தான். முதலாம் வினாத்தாளை எண்ணிப் பார்த்தபோது, முதற்பகுதியின் 25 சிறு வினாக்களில் எட்டை அவன் தொட்டிருக்கவேயில்லை. வினாவுக்கு 2 புள்ளி வீதம் 16 புள்ளிகள் வெறுமையாகக் கிடந்தன. அடுத்த தவணையில் ஒரு சிறு வினாவையும் விடுவதில்லை என்று கொப்பியின் பின்னட்டையில் அவனே எழுதிக்கொண்டான். சாதாரண தரப் பரீட்சையில் திறமைச் சித்தி பெற்றான். அந்த வரியை அவனுக்காக நான் எழுதியிருந்தால் அது என் இலக்காகவே இருந்திருக்கும்.

கொட்டாஞ்சேனைத் தந்தை: கைபேசியைப் பறித்து வைக்கலாமா?

பதில்: இரவில் எல்லோருடைய கைபேசியும், உங்களுடையதும், படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். இந்த வயதுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். பாடசாலையோ காலை 7.30க்குத் தொடங்குகிறது.

தெகிவளைத் தாய்: நேரசூசி ஒன்று தயாரித்து மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். மகன் அதைப் பார்ப்பதேயில்லை.

பதில்: தயாரித்தவர் நீங்கள்தானே, அம்மா. முதலாவது பதிலின் கடைசி வரியைத் தயவுசெய்து பாருங்கள்.

பம்பலப்பிட்டித் தந்தை: ரியூசன் இல்லாமல் இக்காலத்தில் எவனும் சித்தியடைய முடியாது. நீங்கள் ஏன் அதைப்பற்றிப் பேசவில்லை?

வத்தளைத் தாய்: முடியும். என் மூத்த மகன் ரியூசன் போகாமலே உயர்தரம் சித்தியடைந்தான். ரியூசனை நம்பித்தான் பையன்கள் வகுப்பில் தூங்குகிறார்கள்.

பம்பலப்பிட்டித் தந்தை: வகுப்பில் பாடம் முடிக்காவிட்டால் நாங்கள் என்ன செய்வது?

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மையுண்டு, பாடத்திட்டத்தை முடிக்காத ஆசிரியர்களோடு நானும் ஓய்வறையில் சண்டையிட்டிருக்கிறேன். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். பாடசாலை 1.30க்கு விடுகிறது, பையன் பஸ்ஸேறி, சாப்பிட்டும் சாப்பிடாமலும் மூன்று மணிக்கு ஒரு வகுப்பிலும் ஐந்து மணிக்கு இன்னொன்றிலும் இருந்துவிட்டு, காலி வீதி நெரிசலைக் கடந்து எட்டு மணிக்கு வீடு சேர்கிறான். காலையிலிருந்து பிறர் செய்த கணக்குகளைப் பார்த்திருக்கிறானே தவிர, தானாக ஒன்றையாவது செய்து பிழைவிட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. உண்மையில் தடுமாறும் ஒன்றிரண்டு பாடங்களுக்கு மட்டும் அனுப்புங்கள். எந்தப் பாடம் என்பதை அவன் சொல்லட்டும். உயர்தர மாணவன் ரியூசனுக்காகப் பாடசாலைக்கு மட்டம் போட்டால், பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு வேண்டிய 80 சதவீத வரவையும் இழப்பான்.

மட்டக்குளித் தந்தை: கைபேசியைப் பறிக்கலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கிருலப்பனைத் தாய்: மகன் மூன்று மாதமாக நண்பர்களையும் பார்ப்பதில்லை, சரியாகச் சாப்பிடுவதுமில்லை. எப்படி ஊக்கப்படுத்துவது?

பதில்: இது இலக்கு பற்றிய விடயமன்று. புள்ளிகளைப் பற்றிப் பேசாமல் முதலில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

தரம் 11 மாணவன்: அப்பா உயிரியல் படிக்கச் சொல்கிறார். எனக்கு இயந்திரங்களில்தான் விருப்பம், சேர்.

பதில்: தம்பி, 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது, அதன் வழியாகவும் பல்கலைக்கழகம் போகலாம். உன் பகுதியில் எந்தப் பாடசாலையில் அது உண்டு, என்ன சித்திகள் கேட்கிறார்கள் என்று நீயே விசாரித்து, ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடு. வாய்ப்பேச்சாகச் சொன்னால் சாப்பாட்டு மேசையிலேயே முடிந்துவிடும்.

இரத்மலானைத் தந்தை: மகனுக்கு நல்லதொரு நேரசூசி தயாரித்துத் தர முடியுமா?

பதில்: முடியாது, ஐயா. மகனிடம் ஒரு பேனையைக் கொடுங்கள்.