பாக்கி விழாத சவால்

கேள்வி: எங்கள் குழுவில் காமக் கதைகள் எழுதுகிறவர்கள் 18 பேர். எல்லோரும் 25 வயதைத் தாண்டியவர்கள், பாதிக்கு மேல் பெண்கள். போன அக்டோபரில் ‘தினம் ஒரு கதை, 30 நாள்’ என்று சவால் வைத்தோம். 9ஆம் நாளே நாலு பேர்தான் மிச்சம். விட்டுப்போனவர்களில் சிலர் குழுவில் பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள். யாரையும் வாட்டாமல், ஆனால் எழுதவும் வைக்கிற மாதிரி ஒன்றை நடத்த முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: தாராளமாக முடியும். உங்கள் கடிதத்தில் எங்களை உறுத்தியது அந்தப் பேச்சு நின்ற விஷயம்தான். எழுதாமல் போனவர்கள் பேசாமலும் போயிருக்கிறார்கள் என்றால் அது சோம்பல் இல்லை, கூச்சம். தினம் ஒரு கதை என்னும்போது ஒருநாள் தவறினால் மறுநாள் ரெண்டு கதை எழுத வேண்டும். நாலு நாளில் அது நாலைந்தாகிவிடும். கடன் கொடுத்தவரைக் கண்டால் தெரு மாறிப் போகிறவரைப் போல, அவர்கள் குழுவைத் திறக்காமலே இருந்துவிடுகிறார்கள். ஆகவே பாக்கி விழ வழியே இல்லாதபடி சவாலை அமையுங்கள்.

ஆறு வாரம் வையுங்கள். தலைப்பு ஐந்து போதும். ஐந்தையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள், யார் எதை எப்போது வேண்டுமானாலும் எழுதட்டும். நாலாவது வாரம் எல்லோருக்கும் விடுமுறை. ஆறு வாரத்தில் ஒன்றே ஒன்று எழுதியவரும் சவாலை முடித்தவர்தான் என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். பரிசு, மதிப்பெண், ‘தொடர்ந்து இத்தனை நாள்’ பட்டியல் எதுவும் வேண்டாம். பிள்ளைகளின் பரீட்சை மாதமும் தீபாவளி வாரமும் இடையில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல் கணக்கையும் விட்டுவிடுங்கள். 1999இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 21 பேர் ஆரம்பித்து, பிறகு உலகம் முழுக்கப் பரவிய ‘நானோரைமோ’ (NaNoWriMo) நாவல் சவாலின் இலக்கு 30 நாளில் 50,000 சொல்லாக இருந்தது. நாளுக்குக் கிட்டத்தட்ட 1,667. அது ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு. தமிழில் ‘அணைத்துக்கொண்டிருந்திருக்கலாம்’ என்பது ஒரே சொல். அதையே இன்னொருவர் மூன்றாகப் பிரித்து எழுதுவார். ஒரே வாக்கியத்துக்கு ஆளுக்கொரு எண்ணிக்கை வந்தால் அதை வைத்து என்ன அளப்பது? நேரத்தை அளவாக வையுங்கள்: ஒரு தடவை உட்கார்ந்தால் 20 நிமிடம். வாரம் இரண்டு முறை ஆடியோ அழைப்பில் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டுக் கூடவே எழுதலாம். மதியம் இரண்டரைக்கு ஒன்று, இரவு பத்துக்கு ஒன்று. வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பலருக்கு மதியம்தான், இரவை மட்டும் வைத்தால் அவர்கள் வர முடியாது.

எழுதியதை அவரவர் முடித்த கையோடு குழுவில் போடவிடாதீர்கள். வேகமாக எழுதும் இரண்டு பேர் திங்கட்கிழமையே போட்டுவிட்டால் மற்றவர்களுக்குக் கை ஓடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. முதலில் வந்த கதையில் சூடு அதிகமாக இருந்து அதற்கு நிறைய இதயங்கள் விழுந்தால், அடுத்தவர் அதைத் தாண்டப் பார்ப்பார். மூன்றாம் வாரத்தில் எல்லாக் கதையும் ஒரே கதையாகிவிடும். எல்லாவற்றையும் வாங்கி வைத்து, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒன்றாகப் போடுங்கள்.

அடுத்தது தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய முட்டுக்கட்டை. உடலுறுப்புகளுக்கு நம்மிடம் மருத்துவப் பாடநூல் சொல் இருக்கிறது, அல்லது தெருச்சண்டையில் வசவாகப் புழங்கும் சொல் இருக்கிறது. படுக்கையில் இரண்டு பேர் பிரியமாகச் சொல்லிக்கொள்ளும் சொல் எழுத்தில் அரிது. பலர் பாதிக் கதையில் நிறுத்துவது இந்த இடத்தில்தான், நேரமின்மை என்று வெளியே சொல்வார்கள். சவாலுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு மணி நேரம் கூடி, ஒரு சொல் தாள் தயார் செய்யுங்கள். எந்தச் சொல் யாருக்குக் கூசுகிறது, எது இதமாக இருக்கிறது, வட்டாரத்தில் வேறு சொல் உண்டா என்று வெளிப்படையாகப் பேசுங்கள். உறுப்பின் பெயரே வராமல் ஒரு பத்தி எழுதிப் பார்க்கும் பயிற்சியும் நல்ல பலன் தரும். முதுகில் ஒட்டிய ஈர ரவிக்கை, கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்த கொலுசு, நடுவில் நின்றுபோன மின்விசிறி என்று பொருள்களை நகர்த்தினாலே வாசகருக்கு எல்லாம் புரிந்துவிடும்.

தலைப்புகளை உடற்செயலின் பெயரில் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் கதை வராது, செய்முறைக் குறிப்புதான் வரும். சங்கக் காதல் பாட்டுகளை நிலவாரியாகப் பிரிக்கும் நம் அகத்திணையே அருமையான தலைப்புப் பெட்டி: ஓர் இடமும் பொழுதும், அந்த இடத்துக்குரிய ஒரு பொருள், ஓர் உணர்வு. ஐந்து திணைக்கு ஐந்து தலைப்பு சரியாக வருகிறது. முல்லைக்கு மாலையும் காத்திருத்தலும். இன்று அது மழைக்கால பஸ் ஸ்டாண்டு, சார்ஜ் தீரும் போன். மருதத்துக்கு வைகறையும் ஊடலும். பத்து வருடத் தம்பதி, முதுகு காட்டிப் படுத்த இரவின் மறுநாள் நாலரை மணி, அடுப்பில் வைத்த பால். காமக் கதை எழுத ஊடலைவிட வளமான இடம் எங்களுக்குத் தெரியவில்லை, அந்தத் தலைப்பைக் கட்டாயம் வையுங்கள்.

விதிகள் குறைவாக இருக்கட்டும், ஆனால் அவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். எழுதுகிறவரும் கதையில் வருகிறவரும் 18 நிறைந்தவர்கள். பள்ளிச் சீருடை, ‘பார்த்தால் சின்னப்பெண்’ வகைச் சாமர்த்தியம் எதற்கும் இடமில்லை. சம்மதமில்லாத உறவு, குடும்ப உறவுமுறைக் கதைகள் இரண்டையும் முதல் சவாலில் தவிர்ப்பது நல்லது. யாருக்கு எது பழைய காயம் என்று இன்னும் உங்களுக்குத் தெரியாது. நிஜ மனிதர்கள் கூடாது, நடிகர் நடிகையும் இதில் அடக்கம். இது நமக்குப் புது விதி அல்ல, அகப்பாட்டில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். சங்க நூலான நெடுநல்வாடையில் தலைவன் பெயரே இல்லை. ஆனால் வேலில் கட்டிய வேம்பு, பாண்டியரின் அடையாளப் பூ என்பதால், பாண்டியனைக் காட்டிக்கொடுக்கிறது என்று அதை அகப்பாட்டாக இல்லாமல், அரசனைப் பாடும் புறப்பாட்டாகக் கொண்டார்கள். அதே கண்ணோடு கதைகளைப் பாருங்கள். பெயரை மாற்றிவிட்டு ‘எங்கள் தெரு கிளினிக், இடக்கன்னத்தில் மச்சம்’ என்று எழுதியிருந்தால் அதுவும் நிஜ மனிதர்தான்.

ஒவ்வொரு கதையின் தொடக்கத்திலும் ஐந்து வரி போடச் சொல்லுங்கள். இப்படி:

தலைப்பு: பால் பொங்கும் நேரம்
யார்: கணவன், மனைவி
சூடு: நடுத்தரம்
எச்சரிக்கை: கருச்சிதைவு பற்றிய பேச்சு வரும்
கருத்து: பிடித்த ஒரு வரி மட்டும் போதும்

கடைசி வரிக்கு மூன்று தேர்வு கொடுங்கள்: கருத்து வேண்டாம், பிடித்த ஒரு வரி மட்டும், முழு விமர்சனம். எதுவும் எழுதாவிட்டால் நடுவிலுள்ளது. ‘இது சொந்த அனுபவமா?’ என்ற கேள்வி, விளையாட்டுக்குக்கூட, தடை. பெண்கள் எழுதுவதை நிறுத்த அந்த ஒரு கேள்வி போதும். கதையைப் படித்துவிட்டு எழுதியவரின் இன்பாக்ஸுக்குப் போய்ப் பேச்சுக் கொடுப்பவரை எச்சரிக்கை இல்லாமல் அன்றே நீக்குங்கள். பொறுப்பாளர்கள் இருவர் வேண்டும், அதில் ஒருவராவது பெண். புகார் சொல்ல இரண்டாவது கதவு இல்லாவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

புனைபெயரில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொழில்நுட்பத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர்களின் எண் எல்லோருக்கும் தெரியும். டெலிகிராமில் எண்ணை யாருக்கும் காட்டாமல் வைக்கலாம், சேர்ந்த உடனே அந்த அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். கூகுள் டாக்ஸ் இணைப்பில் கணக்கின் பெயர் தெரிந்துவிடும், வேர்டு கோப்பின் விவரத்தில் மடிக்கணினிக்காரரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். கோப்பே வேண்டாம், கதையை வெறும் எழுத்தாக ஒட்டி அனுப்புவது மேல். போன் பூட்டியிருக்கும்போதும் செய்தியின் முதல் வரி திரையில் தெரியும், அதையும் அணைத்துவைக்கச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 67ஆம் பிரிவு ஆபாசமானதை மின்வழியில் வெளியிடுவதோடு அனுப்புவதையும் குற்றமாக்குகிறது. முதல்முறைக்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். பாலுறவுச் செயலை வெளிப்படையாகக் காட்டுவதற்கான 67ஏ என்றால் 5 ஆண்டு, 10 லட்சம் வரை. இலக்கிய நோக்கத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை வாதாட வேண்டியது நீங்கள். மூடிய குழு என்பது காப்பு ஆகாது. குழந்தைகள் தொடர்பான 67பி எழுத்துக்கும் பொருந்தும். படங்களைக் குழுவில் அடியோடு தவிருங்கள். வெளியே பதிப்பிக்கும் எண்ணம் வந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

போன வருடம் விட்டுப்போனவர்களுக்கு அறிவிப்பு போடும் முன்பே தனித்தனியாக எழுதுங்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்க வேண்டாம். ‘ஐந்து தலைப்பு, ஆறு வாரம், ஒன்று எழுதினாலும் போதும். எழுதாமல் வாசிக்க மட்டும் வந்தாலும் சந்தோஷம். பழைய கணக்கு எதுவும் கிடையாது’ என்று மட்டும் எழுதி, முல்லைத் தலைப்பையும் கூடவே அனுப்பிவிடுங்கள்.