அணுமின் படிப்புக்குப் பதினெட்டு லட்சமா, அண்ணாச்சி?

போன ஞாயிற்றுக்கிழமை மும்பை சீத்தா கேம்பிலிருந்து ஒரு குடும்பம், மேற்படிப்பு ஆலோசனை கேட்டு, செம்பூரில் இருக்கும் என் அறைக்கு வந்தது. அப்பாவுக்கு மளிகைக் கடை. அம்மாவுக்குச் சொந்த ஊர் பணகுடிப் பக்கம். மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலிலும் கணிதத்திலும் நன்றாக வாங்கியிருக்கிறான், நுழைவுத் தேர்வில் சொதப்பிவிட்டான். கையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பளபளப்பான கையேடு: பி.டெக். அணுப் பொறியியல், மேனேஜ்மென்ட் கோட்டா, நான்கு வருடத்துக்குப் பதினெட்டு லட்சம்.

தாய்மாமன் ஊரிலிருந்து தினமும் போன். "கூடங்குளத்துல ஆறு உலை, 2047க்குள்ள நூறு கிகாவாட்டாம். மருமவனை அதுல சேத்து விட்ருங்க." அம்மாவின் கவலை வேறு. பையன் வெளியே போன நேரம் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "கதிர்வீச்சுல வேலை பாத்தா பிள்ளை குட்டி பிறக்குமா சார்?"

அன்று பாதியைத்தான் பேச முடிந்தது. இதே கையேட்டோடு இந்த மாதம் வந்த மூன்றாவது குடும்பம் அது என்பதால், மீதியைப் பொதுவிலேயே எழுதுகிறேன். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று தட்டிக் கொடுத்து அனுப்பலாம். ஆனால் முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றீர்கள், அண்ணாச்சி. அதனால் நேராகவே சொல்கிறேன்: அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

மாமா சொன்ன செய்தி பொய்யில்லை. 2047க்குள் 100 கிகாவாட், அதாவது ஒரு லட்சம் மெகாவாட், என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், சிறிய உலைகளுக்கான ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ஒதுக்கினார்கள். அந்த டிசம்பரில் தனியாருக்கும் கதவு திறக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கூடங்குளத்தில் இரண்டு உலைகள் ஓடுகின்றன, நான்கு கட்டப்படுகின்றன. சரி. ஆனால் அந்த பட்ஜெட் வந்த நேரத்தில் நாட்டின் மொத்த அணுமின் திறன் 8,180 மெகாவாட். நாம் எரிக்கும் மின்சாரத்தில் சுமார் மூன்று சதவீதம்தான் அணுவிலிருந்து வருகிறது. 2020க்குள் 20,000 மெகாவாட் என்று ஒரு காலத்தில் இலக்கு வைத்திருந்ததை இன்று யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலைக்கு (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) 2004 இல் வேலை தொடங்கி 2010 இல் முடிப்பதாகத் திட்டம். உலையின் மையத்தில் பாகங்களை ஏற்றத் தொடங்கியதே 2024 மார்ச்சில்தான். நம் மகாராஷ்டிரத்தின் ஜெய்தாபூரில் 9,900 மெகாவாட் வரும் என்று பதினைந்து வருடத்துக்கும் மேலாகப் பேச்சு நடக்கிறது. பையன் ஒன்றாம் வகுப்பு சேரும் முன்பே கேட்ட பேச்சு அது.

இந்தத் துறை வளரும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அது வளரும் வேகத்துக்கும் வங்கித் தவணையின் வேகத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பதினெட்டு லட்சத்தைப் பதினோரு சதவீத வட்டியில் பத்து வருடக் கடனாக எடுத்தால், படிக்கும் காலத்து வட்டியை விட்டுவிட்டாலும் மாதம் 25,000 ரூபாயை ஒட்டி வரும். அதற்குக் கடையை அடமானம் வைப்பதாகச் சொன்னீர்கள். கடை போனால் வீட்டில் மற்ற இரண்டு பேர் எதை வைத்துப் படிப்பார்கள்?

இன்னொன்று, கையேட்டில் அச்சடிக்காதது. அணுமின் நிலையத்தில் இன்ஜினீயராக வேலை பார்க்க அணுப் பொறியியல் பட்டம் தேவையில்லை. இந்திய அணுமின் கழகம் கேட் (இன்ஜினீயரிங் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண்ணை வைத்து மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கெமிக்கல் போன்ற வழக்கமான பிரிவுகளிலிருந்துதான் பயிற்சி இன்ஜினீயர்களை எடுக்கிறது. கேட் தேர்வில் அணுப் பொறியியல் என்று தனி வினாத்தாளே கிடையாது. அணு சம்பந்தப்பட்டதை எல்லாம் அவர்களே உதவித்தொகை கொடுத்துச் சொல்லித் தருகிறார்கள். டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி 1957 இலிருந்து நடக்கிறது. அவர்கள் காசு கொடுத்துக் கற்றுத் தருவதை நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போகிறீர்கள்.

இன்ஜினீயரிங் வழியைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை, அதைச் சொல்ல தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். உங்கள் பையன் பக்கம் வருகிறேன்.

நீங்கள் கீழே டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில், யாரும் சொல்லாமல் நீயாகச் செய்வது என்ன என்று அவனிடம் கேட்டேன். போனில் சில படங்கள் காட்டினான். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகி, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டி, தகரக் கூரை மேல் வைத்திருக்கிறான். மூன்று மழைக்காலமாகக் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுதுகிறான். வானிலைத் துறையின் கொலாபா அளவும் சாந்தாகுரூஸ் அளவும் பக்கத்துப் பத்திகளில். ஓரத்தில் ஒரு குறிப்பு: 'பாட்டில் அடி வளைவா இருக்கு, முதல் 2 செ.மீ. தப்பாக் காட்டும்.' தன் கருவியையே சந்தேகப்படுகிற பையன். இருபது வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒருவனைப் பார்ப்பது அபூர்வம்.

இந்தக் குணத்துக்கென்றே ஒரு தொழில் இருக்கிறது: கதிர்வீச்சுப் பாதுகாப்பு. ஹெல்த் பிசிக்ஸ் என்பார்கள். பெயரைக் கேட்டு டாக்டர் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கே, யார் மேல், எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அளந்து, எல்லை தாண்டும் முன் வேலையை நிறுத்தச் சொல்லும் ஆள்.

உலையில் வேலை செய்கிற ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு சின்ன பேட்ஜ் இருக்கும். உள்ளே மூன்று வெள்ளை வட்டுகள். அவற்றில் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் இருக்கிறது, பட்ட கதிர்வீச்சை அது சேர்த்து வைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வட்டை எடுத்துச் சூடாக்கினால் ஒளி விடும். அந்த ஒளியை அளந்தால் அந்த ஆள் எவ்வளவு வாங்கினார் என்று தெரியும். கனநீரைப் பயன்படுத்தும் உலைகளில் இன்னொரு சோதனை: அந்த நீரில் உண்டாகும் ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் உடம்புக்குள் போயிருக்கிறதா என்று பார்க்க ஊழியர்கள் சிறுநீர் கொடுக்க வேண்டும். வரிசையாக பாட்டில்களை வைத்துக்கொண்டு எண்ணுவதும் இந்த வேலைதான். மாமாவிடம் இதைச் சொல்லாமல் விடுவது நல்லது.

வேலிக்கு வெளியேயும் வேலை உண்டு. உலை ஓடத் தொடங்குவதற்கு முன்பே பக்கத்தில் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வகம் திறந்துவிடுவார்கள். சுற்று வட்டாரத்துப் பால், மீன், கீரை, கிணற்றுத் தண்ணீர், மண் எல்லாவற்றையும் வாங்கி வந்து அளந்து, வருடா வருடம் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கொலாபா, சாந்தாகுரூஸ், சீத்தா கேம்ப் என்று மூன்று பத்தி போட்டவனுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அப்போ உலை வர்றதுக்கு முன்னாடி அளவு முக்கியம்ல சார்?" என்று அவனே கேட்டான்.

வழி எளிது. அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல். வருடத்துக்குச் சில ஆயிரங்களில் முடியும், செம்பூரிலிருந்து ரயில் பாஸ் தனி. அறுபது சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, அதில் கறாராக இருங்கள். அணுசக்தித் துறை நிறுவனங்கள் அறிவியல் பட்டதாரிகளை உதவித்தொகையோடு பயிற்சிக்கு எடுக்கின்றன. எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்முகம். பயிற்சி முடிந்தால் அறிவியல் உதவியாளர், அடிப்படைச் சம்பளம் 35,400, படிகள் தனி. அணுமின் கழகத் தலைமையகமும், பாதுகாப்பு விதிகளைப் போடும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் அணுசக்தி நகரில்தான் இருக்கின்றன, உங்கள் கடையிலிருந்து ஆட்டோ தூரம்.

மேலே படிக்க ஆசைப்பட்டால் எம்.எஸ்சி. இயற்பியல், அதன்பின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஒரு வருடக் கதிரியக்க இயற்பியல் டிப்ளமோ. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஆனால் முடித்தவருக்கு அணு உலையே தேவைப்படாது. புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை தரும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் மருத்துவ இயற்பியலாளரும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் இருந்தாக வேண்டும் என்பது வாரியத்தின் விதி. எண்ணெய் ஆலைகளில் குழாய் வெல்டிங்கை இரிடியம் என்ற கதிரியக்கப் பொருளை வைத்துப் படம் பிடிக்கும் இடத்திலும் அப்படி ஓர் அலுவலர் வேண்டும். வாஷியில் மசாலாப் பொருள்களுக்குக் கதிர் காட்டும் நிலையம் இருக்கிறது. லாசல்காவில் வெங்காயத்துக்கும் மாம்பழத்துக்கும் இருக்கிறது. ஜெய்தாபூர் வந்தாலும் வராவிட்டாலும் இவையெல்லாம் ஓடும். நான் இந்த வழியைப் பிடித்துத் தொங்குவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இப்போது அம்மாவுக்கு. உலகச் சராசரியில் ஒருவருக்கு இயற்கையாகவே வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடம்பில் பட்ட கதிர்வீச்சின் அலகு) கிடைக்கிறது. உங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதால் அங்கே அதைவிடக் கூடுதல். அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்துகிறார்கள், பிள்ளைகள் பெற்று வளர்க்கிறார்கள். கதிர்வீச்சு வேலையில் இருப்பவருக்கு ஐந்து வருடச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டையும், எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. அந்த அளவுகளில் பிள்ளை பிறப்பது பாதிக்காது. ஆபத்தே இல்லாத வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு வாங்கினோம் என்று எண்ணாக எழுதி வைக்கிற வேலை இது. உங்கள் வீட்டு அடுப்படிப் புகைக்கு அப்படி ஒரு கணக்கு யாரும் வைத்ததில்லை.

தாத்தாவிடமும் பேசுங்கள். 1976 இல் அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியைக் காலி செய்து சீத்தா கேம்புக்கு மாற்றியபோது மூட்டை தூக்கி வந்தவர் அவர். அந்த மதிலுக்குள் பேரன் போவதைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருக்கும், அதைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். ராவத்பாட்டா, கைகா, நரோரா என்று எந்த அணுமின் நிலையத்தில் வேண்டுமானாலும் போட்டுவிடுவார்கள். ஷிப்டு உண்டு. பயிற்சிக்குப் பின் இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் முறையே தேர்வில் தேறுவான் என்பதற்கு நான் ஜாமீன் நிற்க முடியாது. தேறாவிட்டால் கையில் ஒரு இயற்பியல் பட்டம் இருக்கும், கடன் இருக்காது.

மாமாவுக்கு நானே போன் செய்கிறேன், நம்பரை அனுப்புங்கள். சனிக்கிழமை பையனை மட்டும் தனியாக அனுப்பி வையுங்கள், அந்த மழை நோட்டோடு. போன வருடம் ஜூலை 14 ஆம் தேதிக்கு நேரே அளவு எழுதாமல் கோடு போட்டிருந்தான். ஏன் என்று கேட்க மறந்துவிட்டேன்.